சிபிடி பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் மனநல ஆலோசனை வேலையில் இருக்கிறேன். சிபிடி என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை பற்றி, செஷனுக்கு வருகிறவர்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் வீட்டார், போனில் விசாரிக்கிறவர்கள் என்று பலரும் ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை.

சிபிடின்னா என்னங்க? உட்கார்ந்து பேசிட்டு வர்றதுதானா?

பேசுவது பாதிதான். ஒரு கல்யாண மண்டபத்தில் நெருங்கிய உறவினர் உங்களைப் பார்த்தும் பேசாமல் தாண்டிப் போகிறார் என்று வையுங்கள். "நம்ம மேல ஏதோ கோபம், வேணும்னே அவமானப்படுத்துறார்" என்று ஓர் எண்ணம் சட்டென்று ஓடுகிறது. நெஞ்சு கனக்கிறது, முகம் சூடாகிறது, பந்திக்குக்கூட இருக்காமல் கிளம்பிவிடுகிறீர்கள். கிளம்பிவிட்டதால், அவர் அந்த நேரத்தில் காணாமல் போன தன் பேரனைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார் என்பது உங்களுக்குத் தெரியவே வராது. அடுத்த விசேஷத்துக்கு நீங்கள் போவதும் இல்லை.

எண்ணம், உணர்ச்சி, உடம்பு, செயல் ஆகிய நான்கும் இப்படி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போகும். உணர்ச்சியை நேரடியாக மாற்ற முடியாது, "அழாதே" என்றால் அழுகை நிற்பதில்லை. ஆனால் எண்ணத்தையும் செயலையும் எடுத்துப் பார்க்க முடியும், மாற்றிச் செய்து பார்க்க முடியும். சிபிடி அந்த இரண்டு இடங்களில்தான் கை வைக்கிறது. மீதிப் பாதி வேலை செஷனுக்கு வெளியே, உங்கள் வீட்டிலும் ஆபீஸிலும் பஸ்ஸிலும் நடக்கிறது.

இதை யார் கண்டுபிடிச்சாங்க? நம்பலாமா?

அமெரிக்காவில் பிலடெல்பியாவில் இருந்த ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவரின் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர் பிராய்டின் உளப்பகுப்பாய்வு வழியில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது உள்ளுக்குள் தன் மீதே திரும்பிய கோபம் என்று அந்த வழி சொன்னது. அதை நிரூபிக்கத்தான் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார், கிடைத்ததோ கோபம் இல்லை, இழப்பும் தோல்வியும்தான். நோயாளிகள் வாயால் சொல்லும் பேச்சுக்கு அடியில் "நான் இவருக்குச் சலிப்பூட்டுகிறேன்", "எனக்கு எதுவும் சரிப்படாது" என்று இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டே இருப்பதையும் கவனித்தார். 1960களில் அங்கிருந்து ஆரம்பித்து, 1979இல் மனச்சோர்வுக்கான சிகிச்சை முறையை முழுமையாக எழுதி வெளியிட்டார். 2021இல், 100 வயதில் இறந்தார். நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவரும் 1950களின் நடுவிலேயே இதே திசையில் வேலையைத் தொடங்கியிருந்தார்.

நம்பலாமா என்றால், பேச்சு சிகிச்சைகளில் மிக அதிகமாக ஆராய்ச்சிக்கு உட்படுத்தப்பட்டவற்றில் இது ஒன்று. இங்கிலாந்து அரசு 2008 முதல் தன் பொது மருத்துவச் சேவை வழியாகவே இதை நாடு முழுவதும் கொடுத்து வருகிறது.

பாசிட்டிவா யோசிங்கன்னு சொல்றதுதானே இது? அதை எங்க மாமாவே சொல்வாரு.

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. இல்லை. கடனில் இருப்பவரிடம் "எல்லாம் நல்லதுக்கே" என்று சொன்னால் அவருக்கு எரிச்சல்தான் வரும், அந்த எரிச்சல் நியாயமானது. கெட்ட எண்ணத்தின் இடத்தில் நல்ல எண்ணத்தை வைப்பது இங்கே வேலையே இல்லை. "இது உண்மையா, எந்த அளவுக்கு உண்மை, நான் எதைப் பார்க்காமல் விட்டேன்?" என்று விசாரிப்பதுதான் வேலை. விசாரித்த பிறகு எண்ணம் சரி என்றே தெரியவந்தால் அதை மாற்றச் சொல்ல மாட்டோம், அதைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது.

என் எண்ணம் தப்புன்னு எப்படிங்க தெரியும்? எனக்கு அது உண்மையாத்தானே தெரியுது?

எல்லோருக்கும் அப்படித்தான். இந்த எண்ணங்கள் யோசித்து வருபவை இல்லை, தானாக வருபவை, வந்ததும் செய்தி போலவே தெரிபவை. அதனால் எண்ணத்தைப் பிடிப்பதைவிட, மனநிலை சட்டென்று மாறிய அந்த நொடியைப் பிடிப்பது சுலபம். "இப்போ என் மனசுல என்ன ஓடுச்சு?" என்று அந்த நொடியில் கேட்டுப் பாருங்கள்.

பிடித்த எண்ணங்களைக் கொஞ்ச நாள் எழுதி வைத்தால், நீங்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் தெரியும். சிலருக்கு எல்லாமே நூறு அல்லது பூஜ்யம்: மாநில ரேங்க் இல்லையென்றால் தோல்வி. சிலர் அடுத்தவர் மனதில் இருப்பதைக் கேட்காமலே படித்துவிடுவார்கள். சிலருக்குத் தலைவலி வந்தால் அது மூளையில் கட்டிதான். பத்து பேர் பாராட்டினாலும் குறை சொன்ன ஒருவர் மட்டும் இரவு முழுக்கக் காதில் ஒலித்துக்கொண்டிருப்பார் சிலருக்கு. "எனக்குப் பயமா இருக்கு, அப்போ ஆபத்து இருக்கத்தான் செய்யும்" என்று உணர்ச்சியையே சாட்சியாக வைப்பவர்களும் உண்டு, பதற்றம் உள்ளவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம், உங்களுடையது எது என்று தெரிந்தால் போதும்.

எண்ணத்தை எழுதுங்கன்னு சொல்றாங்களே, என்னத்தை எழுதறது?

ஓர் உதாரணம் முழுசாகவே சொல்கிறேன். நான் சந்தித்த பலரின் கதைகளைக் கலந்து எழுதியது, தனி ஒருவருடையது இல்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 2 முதல்நிலைத் தேர்வு முடிவு வருகிறது, பட்டியலில் எண் இல்லை. இதுதான் நிகழ்வு, இதை ஒரு வரியில் எழுத வேண்டும், வீடியோவில் பதிவாகக்கூடியது மட்டும். அப்புறம் எண்ணம்: "நான் எதுக்கும் லாயக்கில்லை." இதை எவ்வளவு நம்புகிறீர்கள்? 95 சதவீதம். உணர்ச்சி: அவமானம் 90, துக்கம் 80.

அடுத்து இரண்டு பத்தி. எண்ணத்துக்குச் சாதகமாக என்ன இருக்கிறது? "ரெண்டாவது தடவை தேறவில்லை." சரி, அது தகவல். "அம்மாவுக்கு என்னால் தலைகுனிவு." அது தகவல் இல்லை, அம்மா அப்படிச் சொல்லவில்லை, இன்னோர் எண்ணம் வேஷம் போட்டு வந்திருக்கிறது, அடித்துவிடலாம். பாதகமாக என்ன இருக்கிறது? இந்தப் பக்கம் எழுதத்தான் பேனா நகராது, அவசரப்படாதீர்கள். தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், அவர்கள் பாஸாகிறார்கள். தமிழ்ப் பகுதியில் நன்றாகவே வாங்கியிருக்கிறேன், கணக்கில்தான் அடி. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். உங்கள் நண்பன் இதே நிலையில் இருந்தால் அவனிடம் என்ன சொல்வீர்கள் என்றும் கேட்டுக்கொள்ளலாம், அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சட்டென்று வரும்.

கடைசியாக, இரண்டு பக்கத்தையும் வைத்து ஒரு வாக்கியம்: "இந்தத் தேர்வில் இரண்டு முறை தேறவில்லை, முக்கியமாகக் கணக்கில் பின்தங்கினேன். அதை வைத்து எதற்குமே லாயக்கில்லை என்று சொல்ல முடியாது." இப்போது பழைய எண்ணத்தை எவ்வளவு நம்புகிறீர்கள்? 60. அவமானம்? 55. பூஜ்யம் ஆகாது, ஆகவும் தேவையில்லை. 90இல் இருந்தபோது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளத்தான் முடிந்தது, 55இல் கணக்கு வாத்தியார் யாரையாவது விசாரிக்க முடிகிறது. அந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவும்.

எழுதிப் பார்த்துட்டேன். மூளைக்குப் புரியுது, மனசு ஒத்துக்க மாட்டேங்குதே?

எதிர்பார்க்க வேண்டியதுதான். நோட்டில் எழுதுவதால் மட்டும் மனசு முழுசாக ஒத்துக்கொள்வது அபூர்வம், அதற்கு அனுபவம் வேண்டும். அதனால்தான் பெயரிலேயே நடத்தை என்று இருக்கிறது.

பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று கடும் பயம் வருபவரை எடுத்துக்கொள்வோம். பஸ்ஸில் நெஞ்சு படபடக்கிறது, "ஹார்ட் அட்டாக்தான்" என்கிறது எண்ணம், அந்தப் பயத்தில் படபடப்பு இன்னும் கூடுகிறது, கூடியதே அத்தாட்சியாகிவிடுகிறது. இந்தச் சுழலை 1986இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் தெளிவாக விளக்கினார். இப்படிப்பட்டவர்கள் வாசல் பக்க சீட்டிலேயே உட்காருவார்கள், தண்ணீர் பாட்டிலை விடமாட்டார்கள், பாதியில் இறங்கிவிடுவார்கள். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் "இறங்கினதாலதான் பிழைச்சேன்" என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும். அதனால் முதலில் டாக்டரிடம் காட்டி, இசிஜி எடுத்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று உறுதிசெய்துகொள்கிறோம். பிறகு செஷனிலேயே வேகமாக மூச்சு விட்டோ படியேறியோ அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, என்ன நடக்கும் என்று நினைக்கிறார், என்ன நடந்தது என்று இரண்டையும் எழுதுகிறோம். அடுத்து ஒரு ஸ்டாப், பாட்டில் இல்லாமல் இரண்டு ஸ்டாப் என்று போகும். "செத்துடுவேன்" என்ற எண்ணம் எந்த வாதத்தாலும் ஆடாமல் இருந்துவிட்டு, நடு சீட்டில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்த அன்றைக்குத் தளர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் காலையில எழுந்திருக்கவே முடியல. இதுல எங்க எழுதறது?

அப்படியென்றால் எழுத வேண்டாம். மனச்சோர்வு கடுமையாக இருக்கும்போது செயலில் இருந்துதான் ஆரம்பிப்போம். மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும், வரிசையைத் திருப்ப வேண்டும். பல் தேய்ப்பது, பத்து நிமிடம் மாடியில் நிற்பது, ஒரு நண்பருக்கு போன் என்று மிகச் சின்னதாக, நேரம் குறித்து வைத்துச் செய்வது. செய்த பிறகு மகிழ்ச்சிக்கு ஒரு மதிப்பெண், முடித்தோம் என்ற நிறைவுக்கு ஒரு மதிப்பெண்.

இது அற்பமாகத் தெரிந்தால் ஒரு தகவல்: கோவாவில் மனநல மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண மக்களே ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த முறையை ஆறு முதல் எட்டு செஷன்களில் கொடுத்தார்கள். கடுமையான மனச்சோர்வு இருந்தவர்களுக்கே அது பலன் தந்ததாக 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஆய்வு வெளியானது.

நினைக்கக் கூடாதுன்னு நினைச்சா அதுதான் ஜாஸ்தியா வருது. என்ன பண்றது?

விரட்டுவதை நிறுத்த வேண்டும். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொல்லிப் பார்த்தார். அவர்களால் முடியவில்லை, தடையை நீக்கிய பிறகு இன்னும் அதிகமாகவே நினைத்தார்கள்.

சாமி படத்தைப் பார்த்தால் ஆபாச எண்ணம் வருகிறது, குழந்தையைத் தூக்கினால் கீழே போட்டுவிடுவோமோ என்று வருகிறது என்றெல்லாம் சொல்லிக் கூனிக்குறுகி வருபவர்கள் நிறைய பேர். தயவுசெய்து தெரிந்துகொள்ளுங்கள், இப்படிப்பட்ட எண்ணங்கள் பெரும்பாலான மனிதர்களுக்கு எப்போதாவது வருபவை, வந்ததால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. அது திரும்பத் திரும்ப வந்து, அதைச் சமாளிக்கக் கழுவுவது, எண்ணுவது, மனதுக்குள் மந்திரம் சொல்வது என்று நாள் போனால் அது ஓசிடி என்ற மனநலப் பிரச்சினையாக இருக்கலாம். அதற்கு மேலே சொன்ன எண்ணப் பதிவு சரியான கருவி இல்லை, எழுதி எழுதிச் சரிபார்ப்பதே இன்னொரு சடங்காகிவிடும். எண்ணத்தை வரவிட்டு, சடங்கைச் செய்யாமல் இருந்து பழகும் தனி முறை உண்டு, அதில் பயிற்சி உள்ளவரிடம் போங்கள்.

என் பிரச்சினை கற்பனை இல்லைங்க, நிஜமாவே கடன் இருக்கு. எண்ணத்தை மாத்தி என்ன ஆகப்போகுது?

கடன் போகாது. அதனால் கடனைப் பற்றிய எண்ணத்தோடு வாதாடவே மாட்டோம். "மாசம் 14,000 தவணை கட்டணும், கையில் அவ்வளவு இல்லை" என்பது உண்மை, அதற்குத் தேவை காகிதமும் பேனாவும்: யாருக்கு எவ்வளவு, எது அதிக வட்டி, யாரிடம் தவணை கேட்கலாம், இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு காரியம் எது. ஆனால் அந்த உண்மையோடு "இனி நான் தலைநிமிரவே முடியாது, என் பிள்ளைகள் என்னை மதிக்க மாட்டார்கள்" என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். தூக்கத்தைப் பிடுங்குவதும், வங்கிக்காரர் போனை எடுக்கவிடாமல் செய்வதும் அந்த வால்தான். விசாரணை அதற்கு மட்டும்.

இன்னொன்றை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடமோ, சாதி சொல்லி அவமானப்படுத்தப்படுகிறவரிடமோ "நீங்க பார்க்கிற விதத்தை மாத்துங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் செய்வது சிகிச்சை இல்லை. அங்கே மாற வேண்டியது நிலைமை. வீட்டில் வன்முறை என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

நாலு பேர் பேசுவாங்கன்னு பயம். எங்க ஊர்ல நிஜமாவே பேசுவாங்களே?

பேசுவார்கள். அதை மறுத்தால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். விவாகரத்து ஆன பெண்ணைப் பற்றி, வேலையை விட்ட பையனைப் பற்றி எங்கும் பேசுகிறார்கள். ஆகவே "யாரும் பேச மாட்டாங்க" என்று சமாதானம் சொல்வதில் பயனில்லை.

நான் கேட்பது வேறு. அந்த நாலு பேர் யார், பெயர் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டாவது பெயரிலேயே நின்றுவிடும். அவர்கள் என்ன சொல்வார்கள், எத்தனை நாள் சொல்வார்கள், போன வருஷம் அவர்கள் யாரைப் பேசினார்கள், அது இப்போது உங்களுக்கு நினைவிருக்கிறதா? அப்புறம் முக்கியமானது: அவர்கள் பேசினால் உங்களுக்கு உண்மையில் என்ன போகும்? சிலருக்கு நிஜமாகவே போகும், வாடகை வீடு போகலாம், தங்கையின் சம்பந்தம் தள்ளிப்போகலாம், அதைக் கணக்கில் எடுத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பலருக்கு இருப்பது "என்னால் தாங்கவே முடியாது" என்ற கணிப்பு மட்டும், அதை முந்தின பதிலில் சொன்ன மாதிரி தனியே பிரித்து, பஸ் உதாரணத்தில் செய்த மாதிரி சின்ன அளவில் சோதித்துப் பார்க்கலாம்: ஒரே ஒரு உறவினரிடம் விஷயத்தை நீங்களாகவே சொல்லிப் பார்ப்பது போல.

சின்ன வயசுலேர்ந்தே நான் இப்படித்தான். இனிமே மாறுமா?

அத்தை மகனோடு மார்க்கை ஒப்பிட்டே வளர்க்கப்பட்டவருக்கு "நான் மட்டம்" என்பது ஓர் எண்ணமாகத் தெரியாது, கண்ணாடி மாதிரி எல்லாவற்றையும் அதன் வழியாகத்தான் பார்ப்பார். பாராட்டு வந்தால் "சும்மா சொல்றாங்க" என்று அதுவே வடிகட்டிவிடும். இந்த ஆழமான நம்பிக்கைகள் மாறும், ஆனால் மெதுவாக. வடிகட்டிப் போனவற்றைத் தினமும் ஒன்றிரண்டாகக் குறித்து வைக்கும் வேலை மாதக்கணக்கில் ஓடும். பத்து வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மாத்திரை சாப்பிடறேன். இதுவும் வேணுமா? இல்ல, அதை நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேசித்தான் எதுவும். மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிபிடி மட்டுமே போதுமானதாக இருக்கலாம். கடுமையாக இருந்தால் இரண்டும் சேர்ந்தால் நல்லது. பைபோலார் (மனநிலை மிகையாக ஏறி இறங்கும் நோய்), மனச்சிதைவு போன்றவற்றில் மருந்துதான் அடிப்படை, சிபிடி துணைக்கு. மனச்சோர்வு விஷயத்தில் இதற்கு ஒரு பலம் உண்டு: கற்றுக்கொண்டது சிகிச்சை முடிந்த பிறகும் கூடவே இருப்பதால், திரும்ப வரும் வாய்ப்பு குறைகிறது.

தூக்கமே வரல. அதுக்கும் இது உதவுமா?

நன்றாகவே உதவும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் சிபிடியின் தூக்கத்துக்கான வடிவத்தைக் கொடுக்க வேண்டும் என்று 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி பரிந்துரைத்தது. தூக்கம் சொக்கினால்தான் படுக்கை, இருபது நிமிடம் போல ஆகியும் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறைக்கு, எப்போது தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் விழிப்பது. படுக்கும் நேரத்தையே குறைக்கும் பகுதியை மட்டும் நீங்களாகச் செய்ய வேண்டாம், வலிப்பு, பைபோலார் உள்ளவர்களுக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் அது ஆபத்தாகலாம்.

எத்தனை தடவை வரணும்? யார்கிட்ட போறது?

வாரம் ஒன்று, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், பொதுவாக 12 முதல் 20 செஷன். சில பயங்கள் இன்னும் சீக்கிரமே முடியும். மருத்துவ உளவியலில் பயிற்சி பெற்று இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. "ஹோம்வொர்க் கொடுப்பீங்களா, முன்னேற்றத்தை எப்படி அளப்பீங்க?" என்றும் கேளுங்கள், இரண்டுக்கும் பதில் இல்லாத இடத்தில் நடப்பது வேறு ஏதோ நல்ல விஷயமாக இருக்கலாம், சிபிடி இல்லை. பணம் தடையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனை எல்லாம் அரசு இடங்கள்தான். அங்கே கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஏழெட்டு செஷன் போயும், ஹோம்வொர்க் செய்தும், எதுவும் அசையவில்லையென்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். நோயைத் தவறாகக் கணித்திருக்கலாம், வேறு சிகிச்சை பொருத்தமாக இருக்கலாம். எல்லோருக்கும் பலிக்கும் சிகிச்சை என்று எதுவும் கிடையாது.

செத்துடலாம்னு வர்ற எண்ணத்தையும் நானே எழுதிச் சரிபார்த்துக்கலாமா?

வேண்டாம். அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. இன்றைக்கே, நம்பும் ஒருவரிடம் அந்த வார்த்தையையே பயன்படுத்திச் சொல்லுங்கள். இந்தியாவில் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926. வீட்டில் இருப்பவர்களுக்கு: பூச்சிமருந்து, மாத்திரைகள் எல்லாம் கைக்கு எட்டாமல் போக வேண்டும், அவரைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்கு யாராவது கேட்டார்களே என்று இருக்கும்.

என் வீட்டுக்காரர் எல்லாத்தையும் மோசமாவே யோசிக்கிறார். இதைப் படிச்சுட்டு நானே அவருக்குச் செய்யலாமா?

செய்ய வேண்டாம். அவர் வருத்தமாக ஏதாவது சொல்லும்போதெல்லாம் "பாருங்க, நூறு இல்லன்னா பூஜ்யம்னு யோசிக்கிறீங்க" என்று நீங்கள் சுட்டிக்காட்ட ஆரம்பித்தால் வீடு விசாரணைக் கூடமாகிவிடும், அவர் சொல்வதையே நிறுத்திவிடுவார். சொந்த எண்ணத்தைச் சொந்தமாகப் பிடித்தால்தான் இது வேலை செய்யும். இன்னொரு பக்கம், "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "ஆகாது, ஆகாது" என்று சொல்லிக்கொண்டே இருப்பதும் உதவாது, அது அவருக்கு, பஸ் உதாரணத்தில் வந்த தண்ணீர் பாட்டில் மாதிரி ஆகிவிடும்.

உங்களால் முடிவது வேறு. காலையில் நடக்கப் போகும்போது கூடவே போங்கள், ஏன் என்று விளக்காமல். அவர் பேசினால் முடிக்கும்வரை கேளுங்கள். நல்ல நேரம் பார்த்து, "நீங்க தூங்காம கஷ்டப்படறதைப் பார்க்கிறேன், ஒருத்தர்கிட்ட ஒரு தடவை பேசிப் பார்க்கலாமா, நானும் வர்றேன்" என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்கலாம், அதற்குள் உங்களுக்கு முடியாமல் போனால் நீங்கள் முதலில் வந்து பேசுங்கள்.